முதலில் நடை, வலி அப்புறம்: ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணும் அவள் வீட்டாரும்

சுளுக்கு ஆறிய பிறகும் கால் வலி அடங்காத ஒரு பெண்ணையும், நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வசிக்கும் அவளுடைய தமிழ்க் குடும்பத்தையும் பற்றிய ஆய்வு இது. நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். மருத்துவமனையின் வலி மறுவாழ்வுத் திட்டத்துக்குப் போவதற்கு முன்பும், அங்கிருந்து திரும்பிய பிறகும் அந்தப் பெண் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தாள். பெற்றோரும் அவளும் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே இதை வெளியே விடுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவமனையின் பெயரும் வேண்டாம்.

இந்த மாதிரித் திட்டங்கள் என்றாலே எல்லோரும் பிள்ளை செய்யும் உடற்பயிற்சியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பார்த்த அளவில் பாதிச் சிகிச்சை அப்பா, அம்மா, பாட்டி மூவருக்கும் நடந்தது. அந்தப் பாதிதான் அதிகம் கசந்தது.

எப்படி ஆரம்பித்தது

அக்டோபர் மாதம், பள்ளியில் வாலிபால் விளையாடும்போது இடது கணுக்கால் பிசகியது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. கணுக்கால் அசையாமலிருக்க பூட் காலணி மாட்டி, ஊன்றுகோல் கொடுத்து, இரண்டு வாரம் காலை ஊன்றாமல் இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். சாதாரணச் சுளுக்கென்றால் அந்த இரண்டு வாரத்தில் ஆறத் தொடங்கியிருக்கும். இவளுக்கு வலி கூடியது. பாதம் ஊதா நிறமாக மாறியது, தொட்டால் சில்லென்று இருந்தது. நவம்பர் முடிவதற்குள் சாக்ஸ் போட முடியவில்லை. போர்வை பட்டாலே அலறினாள். குளிர்காலத்தில் ஒரு காலை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்கினாள். குளிக்கும்போது பாதத்தில் தண்ணீர் படாமலிருக்க அம்மா பாலித்தீன் பை கட்டிவிடுவார்.

அடுத்து எலும்பு மருத்துவர், எம்.ஆர்.ஐ., நரம்பு மருத்துவர், நரம்புக் கடத்தல் சோதனை என்று வரிசையாகப் போனது. எல்லாவற்றிலும் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்றே வந்தது. நரம்பு வலிக்குக் கொடுத்த கபாபென்டின் மாத்திரையால் பகலெல்லாம் தூங்கினாள், வலி மட்டும் அப்படியே இருந்தது. ஜனவரியில் பள்ளிக்குள் சக்கர நாற்காலி. பிப்ரவரியில் பள்ளிக்கே போகவில்லை. பள்ளி மாவட்ட நிர்வாகம் வீட்டுக்கு ஆசிரியரை அனுப்பியது. கடைசியில் குழந்தைகளுக்கான வாத மருத்துவர் (ரூமட்டாலஜிஸ்ட்) ஒருவர், இரண்டு பாதங்களையும் பக்கத்தில் வைத்துத் தொட்டுப் பார்த்த அந்த ஒரே சந்திப்பில் சொல்லிவிட்டார்: காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சின்ட்ரோம், சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் கையிலோ காலிலோ அடங்காமல் நிற்கும் வலி.

இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நிறம், வெப்பம், வீக்கம், வியர்வை, தொடுகூச்சம், அசைவுக் குறைவு இவற்றைப் பார்த்து, வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மருத்துவர் முடிவுக்கு வர வேண்டும். பெரியவர்களுக்குக் கையில் அதிகம் வரும். பிள்ளைகளுக்குக் கால்தான் அதிகம், அதிலும் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்களுக்கு. புதிய நோயும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டடி பட்ட வீரர்களை பிலடெல்பியாவில் கவனித்த சைலஸ் வியர் மிட்செல் என்ற மருத்துவர் 1864-இலேயே சகாக்களோடு சேர்ந்து இந்த வகை வலியை விவரித்திருக்கிறார். எரிச்சல் தாங்காமல் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தவர்களைப் பற்றியும் அவர் பதிவு செய்திருக்கிறார். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று வந்த பெண்களை வாரக்கணக்கில் படுக்கையில் போட்ட ஓய்வுச் சிகிச்சையைப் பிரபலப்படுத்தியவரும் இதே மிட்செல்தான். இன்று சி.ஆர்.பி.எஸ். உள்ள பிள்ளைக்கு நாங்கள் முதலில் பிடுங்கிக்கொள்வதே அந்த ஓய்வைத்தான்.

திருடன் போய் வெகுநேரம் ஆன பிறகும் குரைத்துக்கொண்டே இருக்கும் நாய் மாதிரி என்று அந்த அம்மாவுக்குச் சொன்னேன். சுளுக்கு ஆறிவிட்டது, எச்சரிக்கை அடங்கவில்லை. வலிக்கிறதென்று காலைப் பயன்படுத்தாமல் விட விட, ரத்த ஓட்டம் குறைகிறது, தசை மெலிகிறது, மூளைக்கு அந்தப் பாதத்திலிருந்து சாதாரணத் தொடு உணர்வே போய்ச் சேர்வதில்லை. அப்புறம் சாதாரணமாகப் பட்டாலும் ஆபத்தாகவே தெரிகிறது.

அந்த வீடு அப்போது இருந்த நிலை

அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். மாடிப்படி ஏற முடியாதென்று கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எட்டு வயதுத் தம்பி வீட்டுக்குள் ஓடக் கூடாது; தரை அதிர்ந்தால் அக்காவுக்கு வலிக்கும். ஈரோட்டிலிருந்து வந்திருந்த அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, கட்டிலை விட்டு நகரவில்லை. ‘வலிக்குதா கண்ணு?’ என்று அவர் கேட்கும்போதெல்லாம் பிள்ளை தன் காலை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும்.

அப்பா மென்பொருள் துறைக்காரர். அவரிடம் ஒரு எக்செல் கோப்பு இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வலி எத்தனை, பத்துக்கு ஏழா எட்டா, பாதத்தின் நிறம், வெளியே வெப்பநிலை, அன்று சாப்பிட்டது, மாத்திரை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்கள் தானாக நிறம் மாறும். நான்கு மாதத்துக் கட்டங்களில் பெரும்பாலும் சிவப்பு. இவ்வளவு ஒழுங்கான பதிவை நான் எந்த மருத்துவமனையிலும் பார்த்ததில்லை. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் லேப்டாப்பைத் திறந்து அதைத்தான் காட்டுவார்.

அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போவார், தலை வாரிவிடுவார், சாப்பாட்டை ஊட்டியும் விடுவார். இதில் எதையும் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளை துடிக்கும்போது எந்தப் பெற்றோரும் செய்வதைத்தான் செய்தார்கள். ஆனால் வீடு முழுவதும் அந்தப் பாதத்தைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தது.

என்னிடம் வாரம் இரண்டு நாள் வந்து அரை மணி நேரம் பயிற்சி செய்தாள். மீதி நேரமெல்லாம் கட்டில். அந்த அளவு போதவில்லை. தீவிரத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி வாத மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

சேர்வதற்கு முன் இரண்டு தடைகள்

ஒன்று, இன்சூரன்ஸ். ‘மருத்துவ ரீதியில் அவசியமில்லை’ என்று முதல் கடிதம் வந்தது. வாத மருத்துவர் இன்சூரன்ஸ் மருத்துவரோடு போனில் பேசி, மேல்முறையீடும் செய்த பிறகு அனுமதி கிடைத்தது. இதைப் பற்றிப் புலம்ப நிறைய இருக்கிறது, இங்கே வேண்டாம்.

இரண்டாவது தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. சேர்க்கைக்கு முன் மனநல நிபுணரைப் பார்க்க வேண்டும் என்றதும் அம்மா கொதித்துவிட்டார். ‘அவ நடிக்கறான்னு சொல்றாங்களா? பைத்தியம்கறாங்களா?’ என்று என்னிடம் கேட்டார். ஊதா நிறப் பாதத்தை யாரும் நடித்துக் காட்ட முடியாது என்றேன். வலி நிஜம், அதனால்தான் அதோடு சேர்ந்து பயமும் தூக்கமின்மையும் வந்திருக்கின்றன, அவற்றையும் கவனிக்காமல் கால் மட்டும் தேறாது என்று விளக்கினேன். உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்ட குழந்தைகளின் நாள்பட்ட வலிக்கான வழிகாட்டியும் உடல், மனம், மருந்து மூன்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. அம்மாவை அந்த வழிகாட்டி அசைக்கவில்லை. ‘சரி, ஸ்கூலுக்குப் போனாப் போதும்’ என்று கிளம்பினார், அவ்வளவுதான்.

அந்த வாரங்கள்

காரில் சில மணி நேரம் போக வேண்டிய ஊர். அம்மா வேலையில் விடுப்பு எடுத்து அங்கே ஒரு அறையில் மகளோடு தங்கினார். காலை எட்டு மணிக்கு விட்டால் மாலை நான்கு மணிக்குமேல்தான் கூப்பிட முடியும். வார இறுதியில் வீடு. அவள் மொத்தம் நான்கு வாரம் இருந்தாள். அமெரிக்காவில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் வால்தம் மையம் 2008 முதல் இந்தப் பகல்நேர முறையில் நடக்கிறது. ஜெர்மனியில் டாட்டெல்ன் ஊரில் உள்ள மையம் பிள்ளைகளை மூன்று வாரம் வார்டிலேயே வைத்துக்கொள்கிறது. ஏற்பாடு வேறானாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் நாள் பூட் காலணியையும் சக்கர நாற்காலியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருப்பித் தரவே இல்லை. ஊன்றுகோல் மூன்றாம் நாள் போனது. ஒரு வாளி நிறைய அரிசி, அதற்குள் வெறும் பாதத்தை விட்டு அளைய வேண்டும். பக்கத்தில் இரண்டு தொட்டி, ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர். மாற்றி மாற்றிக் காலை வைக்க வேண்டும். சொரசொரப்பான துண்டால் பாதத்தைத் தேய்க்க வேண்டும், அதுவும் அவளே தன் கையால். தெரபிஸ்ட் தேய்த்துவிட மாட்டார். அப்புறம் படிக்கட்டு, நீச்சல் குளம், கயிறு தாண்டுதல், ஒற்றைக் காலில் குதித்தல். ஒவ்வொன்றுக்கும் ஸ்டாப்வாட்ச். நேற்று படி ஏறியது நாற்பது நொடி என்றால் இன்று அதைவிடக் குறைய வேண்டும். அழுதால் அழலாம், நேரம் ஓடிக்கொண்டிருக்கும். வலி எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. நான்கு மாதமாக இரண்டு மணிக்கொரு தரம் எண் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, அந்த எண்ணைக் கேட்க ஆளே இல்லாமல் போனதுதான் முதல் வாரத்தில் பெரிய குழப்பம் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அந்த வாரம் வலி கூடியது. கூடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் கதவுக்கு வெளியே பிள்ளையின் அலறல் கேட்டுக்கொண்டு நிற்பது வேறு. பயிற்சி அறைக்குள் பெற்றோருக்கு அனுமதி இல்லை. காரணம் உண்டு: அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பிள்ளை நின்றுவிடும்.

மனநல அமர்வுகளில் வெளிவந்த விஷயம் பெற்றோர் எதிர்பார்த்ததில்லை. கால் சரியானால் என்ன ஆகும் என்ற பயம் அவளுக்கு இருந்தது. கணக்கில் உயர்நிலை வகுப்பு, வாலிபால், வயலின், சனிக்கிழமை கணக்குப் பயிற்சி. விட்டுப்போன பாடம் அவ்வளவையும் ஒரே நாளில் பிடிக்கச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தாள். நோய்க்கு இதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். கணுக்கால் பிசகியதுதான் தொடக்கம். ஆனால் திரும்பி வரும் வழியில் இது ஒரு கல். சனிக்கிழமை வகுப்பை அப்பா அன்றே நிறுத்தினார். வயலினை அவளே வைத்துக்கொண்டாள்.

வீட்டாருக்குக் கொடுத்த பாடம்

பெற்றோருக்கும் வாரம்தோறும் வகுப்பு. விதிகள் கேட்க எளிது. வலிக்கிறதா என்று கேட்கக் கூடாது. அவளாகச் சொன்னால் ‘கேட்டுக்கிட்டேன், நீ சமாளிப்பே’ என்று ஒரு வரி, உடனே வேறு பேச்சு. காலைப் பிடித்துவிடக் கூடாது. அவள் செய்ய முடிந்ததை அவளுக்காகச் செய்யக் கூடாது. தட்டு கழுவுவது, துணி மடிப்பது என்று தம்பிக்கு உள்ள வேலை அவளுக்கும் உண்டு.

அப்பா மாட்டிக்கொண்டது எக்செலில். அதை நிறுத்துங்கள் என்றதும் வாதாடினார். தகவல் இல்லாமல் முன்னேற்றத்தை எப்படி அளப்பது? நியாயமான கேள்வி. அவர்கள் கோப்பை அழிக்கச் சொல்லவில்லை, கட்டங்களை மாற்றச் சொன்னார்கள். வலி எண், நிறம், வெப்பநிலை போயிற்று. படி ஏறிய நேரம், சாக்ஸோடு இருந்த மணி நேரம், பள்ளியில் இருந்த பாட வேளைகள் வந்தன. இரண்டாவது வாரத்தில் அவர் எனக்கு அனுப்பிய படத்தில் பச்சைக் கட்டங்கள் நிறைய இருந்தன. வலி அப்போதும் பத்துக்கு ஏழு. ஆனால் அதை எழுத அங்கே இடமில்லை.

அம்முச்சியை மாற்றுவதுதான் பெரும் பாடு. விதிகள் அச்சிட்ட தாள் ஆங்கிலத்தில் இருந்தது; யாரும் அவரை உட்கார வைத்து விளக்கவில்லை. மகள் போனில் சொன்னதை அவர் நம்பவில்லை. ‘வலிக்குதான்னு கேக்கக் கூடாதாமா? என்னங் இது, கல்லு மனசுக்காரங்ககிட்ட புள்ளைய உட்டிருக்கீங்க’ என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். இரண்டாவது வார இறுதியில் நான் வீட்டுக்குப் போய் அவர் முன்னால் பிள்ளையைத் துண்டால் காலைத் தேய்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு எழுந்துபோய், ஊரிலிருந்து தான் குளிக்கக் கொண்டுவந்திருந்த பீர்க்கங்காய் நாரை எடுத்துவந்தார். ‘துண்டு என்னத்துக்காகும், இதுல தேய்ச்சாத்தான் தேய்ச்ச மாதிரி.’ பிள்ளை முறைத்தாள், வாங்கினாள், தேய்த்தாள். அந்த வாரம் மருத்துவமனைக்கும் அந்த நார் போனது. அப்புறம் அம்முச்சி தேய்த்துவிடவே கூடாது, கண்ணில் நீர் வந்தால் அடுப்படிக்குப் போய்விட வேண்டும் என்று ஒப்பந்தம். போனார். பலமுறை போனார்.

வெளியே வந்த நாள்

நான்காம் வாரக் கடைசியில் அவள் ஓடினாள். இடது காலில் மட்டும் நின்று குதித்தாள். ஷூவும் சாக்ஸும் போட்டிருந்தாள். செயல்பாட்டுக் குறைவை அளக்கும் வினாத்தாள் ஒன்று உண்டு, 60-க்கு மதிப்பெண். 30-ஐத் தொட்டாலே கடுமை. சேரும்போது அதைத் தாண்டியிருந்தவள் வெளியேறும்போது மிதமான நிலைக்கு வந்திருந்தாள். வலி மட்டும் இன்னும் பத்துக்கு ஐந்து.

அம்மாவுக்கு இதுதான் விளங்கவில்லை. ‘இன்னும் வலிக்குதுன்னு சொல்றா, அதுக்குள்ள எப்படி டிஸ்சார்ஜ் பண்றாங்க?’ என்று மாலையில் போன் செய்தார். வலி போனால்தான் நடக்க முடியும் என்று ஐந்து மாதம் நினைத்திருந்தவருக்கு, நடந்தால்தான் வலி போகும் என்பது உடனே ஒட்டாது. டாட்டெல்ன் குழு தங்கள் மூன்று வாரச் சிகிச்சையைக் காத்திருப்போர் பட்டியலில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்விலும் இந்த வரிசைதான் தெரிந்தது. செயல்பாடும் பள்ளி வருகையும் முதலில் தேறின, வலியின் அளவு பிறகுதான் இறங்கியது. இவளுக்கும் பள்ளி திரும்பி ஆறேழு வாரம் ஆன பிறகு, என்றைக்கு என்று யாரும் கவனிக்காமலே, வலி போய்விட்டது. நிறம் அதற்கு முன்பே சரியாகியிருந்தது. கபாபென்டினை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

பள்ளியோடு போட்ட ஒப்பந்தத்தையும் தலைகீழாக மாற்ற வேண்டியிருந்தது. ஊனமுள்ள மாணவர்களுக்கான 504 திட்டத்தில் முன்பு அவள் எப்போது வேண்டுமானாலும் வகுப்பை விட்டுப் போகலாம், விளையாட்டு வேண்டாம், லிஃப்ட் சாவி உண்டு. புதியதில் நர்ஸ் அறையில் பத்து நிமிடம் இருக்கலாம், அப்புறம் வகுப்புக்குத் திரும்ப வேண்டும்; விளையாட்டு உண்டு; லிஃப்ட் சாவி கிடையாது. கவுன்சிலருக்கு இது கொடுமையாகப் பட்டது. மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டிய பிறகே கையெழுத்திட்டார்.

திரும்பி வந்தது

‘மறுபடி வருமா?’ என்று அப்பா என்னிடம் கேட்டிருந்தார். வரலாம் என்றேன். டேவிட் ஷெரி என்ற மருத்துவரும் சகாக்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பழைய அடிப்படைகளில் ஒன்று. சி.ஆர்.பி.எஸ். உள்ள 103 பிள்ளைகள், அவர்களில் 87 பேர் பெண்கள். மருந்தில்லாமல் தினமும் ஐந்தாறு மணி நேரப் பயிற்சி, சராசரியாக 14 நாள். 92 சதவீதத்தினர் முதலில் முழுதாகத் தேறினார்கள். இரண்டு வருடத்துக்குமேல் தொடர்ந்து பார்க்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நடுவில் ஒருமுறை திரும்பி வந்திருந்தது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் 92 என்ற எண்ணை நான் அப்படியே யாருக்கும் வாக்குறுதியாகக் கொடுப்பதில்லை. திரும்பி வரும், வந்தாலும் போகும் என்ற பகுதியைத்தான் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்.

திட்டத்திலிருந்து வெளியே வந்த நான்காம் மாதம் வலி திரும்பி வந்தது. வீட்டு வாசற்படியில் விரலை இடித்துக்கொண்டாள், மறுநாள் பாதம் ஊதா. அம்முச்சி அதற்குள் ஊர் திரும்பியிருந்தார். அம்மா பூட் காலணியைத் தேடவில்லை, என்னையும் உடனே கூப்பிடவில்லை. இரண்டு தொட்டியும் அரிசி வாளியும் பீர்க்கங்காய் நாரும் வெளியே வந்தன. பள்ளிக்கு ஒரு நாளும் லீவு இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் அடங்கிய பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது.

குறை என்று சொன்னால்

வலியைக் கேட்காதே என்ற விதியை இந்த வீட்டில் அளவுக்கு மீறிக் கடைப்பிடித்தார்கள். கோடையில் தம்பி இரண்டு நாள் காது வலியைச் சொல்லாமலே இருந்தான். காய்ச்சல் வந்த பிறகு பார்த்தால் காதில் சீழ். ‘வலின்னு சொன்னா அம்மா வேற பேச்சுக்குப் போயிருவாங்க’ என்றான். இது சின்ன விஷயமில்லை. அந்த விதி மருத்துவர் பார்த்துப் பெயர் வைத்துவிட்ட பழைய வலிக்கு மட்டும். புதிய இடத்தில் வலி, காய்ச்சல், புதிய வீக்கம், இரவில் எழுப்பும் முதுகுவலி, எடை குறைவது இவற்றையெல்லாம் பிள்ளை சொல்ல வேண்டும், பெற்றோர் கேட்க வேண்டும். திட்டத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு தாளின் கடைசி வரியில். முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். அதோடு, வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டி என்றால் பாட்டிக்கு அவர் மொழியில் ஒரு வகுப்பு வேண்டும். பிற சிகிச்சைக்கெல்லாம் மொழிபெயர்ப்பாளரை வைக்கும் மருத்துவமனைகள், ஆங்கிலம் தெரிந்த பெற்றோர் இருந்தால் இதை மறந்துவிடுகின்றன.

அவளுக்கு இப்போது 15 வயது. வாலிபாலுக்குத் திரும்பவில்லை, ஓட்டப் பந்தயக் குழுவில் சேர்ந்துவிட்டாள். குளிர் அதிகமானால் இடது பாதம் வலதைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும், அதை அவள் பொருட்படுத்துவதில்லை. இதைப் படித்துப் பார்த்த அம்மா ஒரே ஒரு திருத்தம் கேட்டார். முதல் வாரம் தன்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது தேவைதான் என்று நான் எழுதியிருந்த வரியை எடுக்கச் சொன்னார். பயிற்சி வேண்டும், கண்டிப்பும் வேண்டும், ஆனால் உள்ளே ஒரு ஓரமாக, முகம் தெரியாமல் உட்கார ஒரு நாற்காலி போட்டிருக்கலாம் என்பது அவர் கட்சி. நான் அந்த வரியை எடுத்துவிட்டேன். காரணத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.